எல்லோருக்கும் நாற்காலி: வேலூர்ப் பக்கத்து முன்னாள் மாணவர் சங்கங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் இரண்டு முறை செயலாளராக இருந்தேன். அந்த ஆறு வருஷமும், அதற்குப் பிறகும், போனிலும் கல்யாண வீடுகளிலும் காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்திலும் ஒரே மாதிரிச் சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்களில் பாதி எங்கள் சங்கம் செய்த தவறுகளிலிருந்து கற்றவை. பழைய வட ஆற்காட்டில் எந்தக் கல்லூரிச் சங்கத்துக்கும் இவை பொருந்தும் என்று நம்புகிறேன்.

எல்லோரும் ஒரே காலேஜ்தானே அக்கா? பன்முகத்தன்மை, சேர்த்துக்கொள்வது என்றெல்லாம் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

ஒரே காலேஜ்தான். ஆனால் உங்கள் வகுப்பை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். பேரணாம்பட்டிலிருந்து வந்தவர் வீட்டில் உருது பேசுவார். குடியாத்தத்து நெசவாளி மகள் வீட்டில் தெலுங்கு. சித்தூரிலிருந்து ரயிலில் வந்து போனவர்களும் உண்டு. அந்தச் சித்தூரும் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்த பையன், பீடி சுற்றிப் படிக்கவைத்த அம்மாவின் பிள்ளை, டேனரி முதலாளியின் மகன், ராணிப்பேட்டை பெல் குடியிருப்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பரீட்சை எழுதினார்கள்.

இப்போது உங்கள் சங்கத்தின் கடைசிக் கூட்டத்தில் எடுத்த போட்டோவைப் பாருங்கள். எங்கள் போட்டோவில் முக்கால்வாசி ஆண்கள். அதிலும் வேலூர் டவுனிலோ சென்னையிலோ பெங்களூரிலோ நல்ல வேலையில் இருப்பவர்கள். மற்றவர்களை யாரும் வராதே என்று சொல்லவில்லை. தேதி, கட்டணம், முகவரிப் பட்டியல், பந்தி, மேடை என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டிவிட்டது. கீழே இருக்கும் கேள்விகளெல்லாம் அந்த வடிகட்டிகளைப் பற்றியவைதான்.

டிகிரி முடிக்காதவர்களையும் முன்னாள் மாணவர் என்று சொல்லலாமா?

சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. இரண்டாம் வருஷம் படிக்கும்போது கல்யாணம் ஆகிப் போன பெண்கள், அப்பா இறந்து வேலைக்குப் போனவர்கள், ஒரே ஒரு அரியர் பேப்பரில் நின்றுபோனவர்கள் எல்லாம் நம்மோடு படித்தவர்கள்தான். பட்டம் வாங்கியவர்தான் உறுப்பினர் என்று வைத்தால், படிப்பை விட வேண்டிய நிலையில் இருந்தவர்களை இரண்டாம் முறையும் வெளியே அனுப்புகிறோம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு செய்த சங்கத்தில் உறுப்பினர் தகுதியைத் துணைவிதிதான் முடிவு செய்கிறது. நாங்கள் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, 'பட்டம் பெற்றவர்' என்று இருந்ததை 'ஓராண்டாவது படித்தவர்' என்று மாற்றினோம். இரண்டு பேர் எதிர்த்தார்கள், அப்புறம் அவர்களே பழைய நண்பர்களைத் தேடிக் கூட்டி வந்தார்கள்.

நான் மெட்ராஸ் யுனிவர்சிட்டி டிகிரி. இப்போது படிப்பவர்கள் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். ஒரே சங்கத்தில் எப்படி?

2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வரும் வரை இந்தப் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. சான்றிதழின் தலைப்பு மாறியது. கட்டடமும் வாத்தியார்களும் அதேதான். ஆனால் 'எங்கள் டிகிரிக்கு இருந்த மதிப்பு' என்று மேடையில் பேசுகிற பழக்கம் பெரியவர்களிடம் இருக்கிறது. கீழே உட்கார்ந்து அதைக் கேட்கிற இருபத்தைந்து வயதுக்காரர் அடுத்த வருஷம் வரமாட்டார். வாழ்த்துரை சொல்ல வருபவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஈவ்னிங் காலேஜ்காரர்களையும் சேர்க்க வேண்டுமா?

ஆமாம். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து படித்தவர்கள் அவர்கள். எங்கள் பட்டியலில் பல வருஷங்களாக அவர்கள் பெயரே இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

இதே மாதிரி இன்னொரு கூட்டமும் விடுபடுகிறது. 'ஹாஸ்டல் மேட்ஸ் சந்திப்பு' என்று வைத்தால் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தவர்கள்தான் வருவார்கள். ஆதிதிராவிடர் நல விடுதியிலும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியிலும் தங்கி நம் கல்லூரிக்கு நடந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். 2025இல் அரசு அந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியது. அழைப்பில் 'எந்த விடுதியில் தங்கிப் படித்திருந்தாலும்' என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அழைப்பு எல்லோருக்கும்தான் போகிறது. வருவது அதே அறுபது பேர். வராதவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும்?

எல்லோருக்கும் போகிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் முகவரிப் பட்டியலில் முதல் பக்கமே 'வ.ஆ. மாவட்டம்' என்று இருந்தது. 1989இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டமும் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமும் ஆயின. பிறகு அம்பேத்கர் மாவட்டம் வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் அதுவும் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. மாவட்டம் நான்கு பெயர் மாறிய பிறகும் நாங்கள் பழைய முகவரிக்கே தபால் போட்டுக்கொண்டிருந்தோம். திரும்பி வந்த கவர்களை அடுக்கி வைத்ததோடு சரி.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். பட்டியலில் இருப்பது அப்பா பெயரும் அப்பா வீட்டு முகவரியும். கல்யாணமாகி இனிஷியல் மாறி, ஊர் மாறி, அப்பா வீடும் விற்றுப்போயிருக்கும். ஆண்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கும்போது தங்களிடம் இருக்கும் நம்பர்களைச் சேர்ப்பார்கள். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளோடு பேசாதவர்களிடம் அவர்கள் நம்பர் எப்படி இருக்கும்? ஒரு பேட்சில் நாற்பது பேர் குரூப்பில் இரண்டே பெண்கள் இருந்தார்கள். வகுப்பில் படித்தது பதினேழு பெண்கள்.

நாங்கள் செய்தது இதுதான்: ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, 'உங்களுக்குத் தெரிந்த மூன்று பேரை மட்டும் தேடித் தாருங்கள்' என்று கேட்டோம். பேஸ்புக்கில் கிடைக்காதவர்கள், பழைய தோழியின் சித்தி வீட்டில் கேட்டால் கிடைத்தார்கள். மெதுவான வேலை, ஆனால் வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

எந்தத் தேதியில் வைத்தாலும் யாராவது ஒருத்தர் குறை சொல்கிறார்கள். எல்லோருக்கும் ஒத்துவருகிற நாள் என்று ஒன்று இருக்கிறதா?

எல்லோருக்கும் ஒத்துவருகிற நாள் இல்லை. ஆனால் ஒரு கூட்டத்தை முழுசாக ஒதுக்கிவிடுகிற நாட்கள் உண்டு. அவற்றைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

ரம்ஜான் மாதம் ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். போன வருஷத் தேதியையே இந்த வருஷமும் வைத்தால் மதிய விருந்து நோன்பு நாளில் விழலாம். ஒரு வருஷம் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்திலிருந்து வந்த நண்பர்கள் நாம் சாப்பிடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம். ஞாயிறு காலை சர்ச். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்குக் குடியாத்தத்துக்காரர் ஒருவரும் ஊரை விட்டு நகரமாட்டார். பௌர்ணமி அன்று திருவண்ணாமலை பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, போளூர், கலசபாக்கம் பக்கம் இருந்து வருபவர்கள் தவித்துப்போவார்கள்.

சனிக்கிழமை வைக்கலாமே என்பார்கள். ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்களுக்குச் சனிக்கிழமை வேலை நாள். கடைசியில் நாங்கள் பிடித்துக்கொண்டது ஞாயிறு 11 மணிக்கு ஆரம்பித்து 4 மணிக்கு முடிப்பது. காலை ஆராதனை முடித்துவிட்டு வரலாம். ஆலங்காயம், ஜமுனாமரத்தூர் போகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டிய பெண்களும் நிம்மதியாக இருப்பார்கள். இரவு விருந்து வைத்த வருஷங்களில் வந்த பெண்களின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகு, இரவு நிகழ்ச்சி வேண்டவே வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

சாப்பாடு பிரியாணியா, சைவமா? ஒவ்வொரு வருஷமும் இதில்தான் சண்டை.

இரண்டும் போடுங்கள். ஆம்பூர் பக்கத்திலிருந்து மாஸ்டரை வரவழைத்தால் பிரியாணி ஹலாலா என்ற கேள்வியே எழாது. வேறு இடத்தில் சொன்னால் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சைவத்துக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. மாட்டுக்கறி சாப்பிடுபவர்களும் நம்மில் உண்டு, பன்றிக்கறி பக்கமே போகாதவர்களும் உண்டு. ஆகவே என்ன கறி என்று பலகையில் எழுதி வைப்பது நல்லது.

ஆனால் ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். பந்தி ஒன்றுதான். உணவு வகைக்கு ஏற்ப வேறு ஹால், வேறு நேரம் என்று பிரித்தால், யார் யாரோடு உட்காரவில்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பழைய காயம் உள்ளவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலையில் ஒருவர் சாம்பார், ஒருவர் பிரியாணி சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. இன்னொன்று, ஸ்பான்சர்களுக்கும் முக்கியஸ்தர்களுக்கும் தனி அறையில் சாப்பாடு போடும் வழக்கத்தையும் நிறுத்திவிடுங்கள்.

ஆளுக்கு 1,500 ரூபாய் வைத்தால்தானே ஹால் வாடகை கட்ட முடியும்?

அந்த 1,500 ரூபாய் தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கும் நம் தோழிக்குப் பெரிய தொகை. அவர் 'அன்றைக்கு ஊரில் இல்லை' என்றுதான் சொல்வார், பணம் இல்லை என்று சொல்லமாட்டார். நாங்கள் மூன்று தொகை வைத்தோம்: 200, 500, விருப்பம் போல. எது கட்டினாலும் ஒரே மாதிரி அடையாள அட்டை. யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரியும். 'கோல்டு', 'பிளாட்டினம்' என்று அட்டையில் நிறம் மாற்றாதீர்கள். ஹால் வாடகை பெரிய சுமை என்றால் கல்லூரி ஆடிட்டோரியத்தையே கேளுங்கள். கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு. அதனால் கல்லூரி நிர்வாகத்துக்கும் இதில் அக்கறை இருக்கும்.

நிகழ்ச்சியைக் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கலாமா, பிரார்த்தனை செய்யலாமா?

தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குங்கள். 2021 டிசம்பர் முதல் அது மாநிலப் பாடல். எந்த மதத்தவருக்கும் அதில் தயக்கம் இருக்காது. விளக்கு ஏற்றுவது வழக்கமாக இருந்தால் ஏற்றுங்கள், ஆனால் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மெழுகுவத்தியைக் கையில் கொடுக்காதீர்கள். வர விரும்பாதவரை நூறு பேர் முன்னால் சங்கடப்படுத்தக் கூடாது.

வீல்சேரில் வரும் நண்பருக்கு நான்கு பேர் தூக்கிவிட்டால் போதாதா?

தூக்கிவிடுவது அன்புதான். ஆனால் ஐம்பது வயதில் மற்றவர்கள் கையில் தூக்கப்பட்டு மேடை ஏறுவது எப்படி இருக்கும் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் நண்பர் ஒருவர் அதற்காகவே ஆறு வருஷம் வரவில்லை. மாடி ஹாலை விட்டுத் தரைத்தள ஹாலுக்கு வந்தோம். பலகை வைத்துச் சரிவுப் பாதை போட்டோம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதற்குக் குறைந்தால் செங்குத்தாகிவிடும். சரிவுப் பாதை வழியாக ஏறக்கூடிய கழிப்பறை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு பெருமையும் பொறுப்பும் இருக்கிறது. சிஎம்சி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, இங்கேயே அதற்கான துறையை வளர்த்தார். பாகாயத்தில் மறுவாழ்வு மையம் 1966இல் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பலகைச் சரிவு போட யோசிக்கக் கூடாது.

சட்டமும் விரிவாகியிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அதில் உண்டு. கண் தெரியாத நண்பர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பினால் அவர்கள் போன் அதை ஒழுங்காகப் படித்துக் காட்டாது. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததும் அப்படித்தான். அதே விவரத்தை யூனிகோடில் சாதாரணச் செய்தியாகவும் அனுப்புங்கள்.

பெண்களைக் கூப்பிட்டாலும் நிர்வாகத்துக்கு வரமாட்டேன் என்கிறார்கள். கட்டாயப்படுத்தவா முடியும்?

எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். வரவேற்பில் சந்தனம், கற்கண்டு வைக்கவும், தொகுத்து வழங்கவும், நன்றியுரை சொல்லவும்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று கூப்பிட்ட பிறகு வந்தோம். செயற்குழுக் கூட்டம் இரவு 8 மணிக்கு ஓட்டலில் என்றால் எப்படி வருவது? அதை ஞாயிறு காலைக்கு மாற்றி, வர முடியாதவர்கள் போனில் கலந்துகொள்ளலாம் என்றதும் மூன்று பெண்கள் உடனே சேர்ந்தார்கள்.

'திறமை இருந்தால் தானாக வருவார்கள்' என்பவர்களுக்கு ஒரு சின்ன சரித்திரம். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி பெண்களுக்கு மட்டுமானது. ஆண்களைச் சேர்த்தது 1947இல்தான். கதவைத் திறந்தால் வருவார்கள் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் 2016 முதல் சட்டப்படி பாதி இடம் பெண்களுக்கு. நம் சங்கத்துக்கு அதை வைக்கத் தடை ஒன்றும் இல்லை. சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தத் தேர்தலை ஒழுங்காக நடத்தினாலே ஒரே ஆட்கள் பதினைந்து வருஷம் உட்கார்ந்திருப்பது நிற்கும்.

பேட்ச் குரூப்பில் சாதிச் சங்க மாநாட்டு போஸ்டர், 'நம்மவர்களுக்கு மட்டும்' என்று வரன் விளம்பரம் எல்லாம் வருகிறது. கண்டித்தால் சண்டை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். எல்லோர் முன்னாலும் கண்டிக்கவும் வேண்டாம். அட்மின் அவருக்குத் தனியாக போன் செய்து, 'அண்ணே, இது நம்ம வகுப்புக் குரூப். இதைப் பார்க்கிற இன்னொரு நண்பருக்கு எப்படி இருக்கும்?' என்று கேட்டால் பெரும்பாலும் அவரே நீக்கிவிடுவார். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. மறுபடியும் மறுபடியும் போடுபவரை ஒரு மாதம் எழுத முடியாமல் நிறுத்தி வைக்கலாம். இந்த விதியைக் குரூப் விவரத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். இன்னொரு மதத்தைப் பழிக்கிற ஃபார்வர்டுகளுக்கும் இதே விதி.

அழைப்பிதழிலும் பேனரிலும் யார் பெயருக்குப் பின்னாலும் சாதிப் பட்டம் வேண்டாம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அதைப் பெருமளவு நடைமுறையில் கொண்டுவந்த மாநிலம் இது. ஒருவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக அதை நம் பேனரில் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை.

ஒரு பெரிய மனிதர் ஐந்து லட்சம் தருகிறேன் என்கிறார். ஆனால் அவர் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உதவித்தொகை என்கிறார். வாங்கலாமா?

நாங்கள் மறுத்துவிட்டோம். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பணத்தில் சில பிள்ளைகள் படித்திருப்பார்கள். ஆனால் சங்கத்தின் பெயரில் ஒரு சாதிக்கென்று உதவித்தொகை வந்துவிட்டால், அடுத்து இன்னொருவர் வருவார், பிறகு சங்கமே சாதிவாரியாகப் பிரியும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு யார் உதவ முன்வந்தாலும் நான் வாங்கச் சொல்வேன். தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டதைக் கொடுப்பதும், தன் கூட்டத்தை மட்டும் வளர்ப்பதும் ஒன்றல்ல.

அவரிடம் நாங்கள் சொன்ன மாற்று: 'முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு' என்று கொடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வருவாய்த் துறையே தருகிறது, யாருக்குத் தகுதி என்பதில் சச்சரவு வராது. வேறு இரண்டு பேர் அப்படிக் கொடுத்தார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம்?

இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். அனுமதி இல்லாமல் வாங்கிச் சிக்கிக்கொள்ளாதீர்கள். பணம் அனுப்புகிறார் என்பதற்காக அவருக்கு முதல் வரிசை என்பதும் வேண்டாம். கட்டணத்துக்குச் சொன்ன பதில்தான் இதற்கும்.

எங்கள் வகுப்பில் படித்த ஒருவர் இப்போது திருநங்கை. பழைய பெயரில் கூப்பிடுவதா, புதிய பெயரிலா? மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

அவர் இன்று எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அந்தப் பெயர். பட்டியலிலும் அட்டையிலும் மேடையிலும் அதுதான். கல்லூரிப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறதே என்பார்கள். 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழை வைத்து மற்ற ஆவணங்களிலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நம் சந்திப்புக்கு வர எந்தச் சான்றிதழும் கேட்கத் தேவையில்லை. பல திருநங்கைகள் படிப்பைப் பாதியில் விட்டிருப்பார்கள், டிகிரி முடிக்காதவர்களைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்றால், பழைய போட்டோவைத் திரையில் போட்டு 'இது யார் சொல்லுங்கள்' என்று விளையாடுவார்கள். அதை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். அவரோடு நன்றாகப் பழகிய ஒருவர் வாசலிலிருந்தே கூட இருக்கட்டும். எங்கள் தோழி முதல் வருஷம் அரை மணி நேரம்தான் இருந்தார். இரண்டாம் வருஷம் பந்தியில் பரிமாறினார்.

இப்போதைய மாணவர்களுக்கு வழிகாட்ட ஐடி கம்பெனி மேனேஜர்களைத்தான் கூப்பிடுகிறோம். சரிதானே?

அவர்களையும் கூப்பிடுங்கள். கூடவே விஏஓ ஆனவர், நர்சரி வைத்திருப்பவர், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக உயர்ந்தவர், உருதுப் பள்ளி ஆசிரியை என்று கூப்பிடுங்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் நேர்காணலில் ஆங்கிலம் வராமல் திணறியவர் அதைத் தமிழிலேயே சொன்னால், முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தலை நிமிர்ந்து கேட்பார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. மாணவிகளோடு தனியாக போனில் பேசுவது, வீட்டுக்கு வரச் சொல்வது கூடாது. துறை ஆசிரியர் ஒருவருக்குத் தெரிந்துதான் எல்லாத் தொடர்பும். யுஜிசியின் 2015 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களின் நம்பரை முதல் கூட்டத்திலேயே மாணவிகளுக்குக் கொடுங்கள்.

மேடம், படிக்கும்போது என்னைச் சாதி சொல்லிப் பேசியவர்தான் இன்று சங்க மேடையில் உட்கார்ந்திருக்கிறார். நான் எதற்கு வர வேண்டும்?

வர வேண்டும் என்று உங்களைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் சோளிங்கரிலிருந்து போன் செய்தார். 'அதெல்லாம் பழைய கதை, மறந்துவிடுங்கள்' என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். மறப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்க வேண்டும்.

நிர்வாகிகளுக்குச் சொல்வேன்: இப்படி ஒருவர் சொன்னால் அதைச் செயற்குழுவில் வையுங்கள், அவர் பெயரைச் சொல்ல அவர் சம்மதித்தால் மட்டும் சொல்லுங்கள். அந்த இன்னொருவரிடம் பேசுங்கள். சிலர் உண்மையாகவே வருந்துகிறார்கள். எங்கள் விஷயத்தில் அவர் சோளிங்கருக்கே நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். போன் செய்தவர் மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவர் இன்றுவரை கூட்டத்துக்கு வரவில்லை, அவருக்கு அழைப்பு மட்டும் தவறாமல் போகிறது.

சாதி கேட்கக் கூடாது என்கிறீர்கள். கேட்காமல் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

படிவத்தில் கேட்க வேண்டாம், ஆனால் வேறு வழிகளில் தெரியும். எந்த ஊர், எந்த விடுதி, தமிழ்வழியா ஆங்கிலவழியா, எந்தத் துறை, பகலா மாலையா என்று வந்தவர்கள் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். எங்கள் பழைய முகவரிகளில் 'காலனி' என்று முடிந்தவற்றைத் தனியாக எடுத்தபோது, ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை தபால் போனதாகப் பதிவு இல்லை. அந்தச் சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நம் பட்டியலிலும் அதை எடுத்துவிட்டுத் தெருப் பெயரையோ ஊர்ப் பெயரையோ போடுங்கள்.

எங்களிடம் வேலை செய்வதே ஐந்து பேர். இவ்வளவில் எதை முதலில் தொடங்குவது?

பட்டியலை. மற்றதெல்லாம் ஒரு வருஷம் தள்ளிப்போகட்டும். ஆளுக்கு இரண்டு பேட்ச் என்று பிரித்துக்கொண்டு, வாரத்துக்கு ஐந்து போன் போட்டால் ஒரு வருஷத்தில் ஆயிரத்து முந்நூறு பேரை எட்டிவிடலாம்.

பெயர்களுக்குக் கல்லூரி அலுவலகத்தில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். முதல்வருக்குக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு, அட்மிஷன் நேரம் இல்லாத மாதத்தில், மதியம் 3 மணிக்கு மேல் போனால் கிளார்க் உட்கார்ந்து எடுத்துத் தருவார். பெயர், துறை, சேர்ந்த வருஷம், ஊர் மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தைப் போட்டோ எடுக்க வேண்டாம். அதில் சாதிக்கென்று ஒரு கட்டம் இருக்கும்.